கருப்பட்டி இலக்கணம்

பாயிரம்

முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்தியவன் ஓய்வு பெற்றாலும் ஓயமாட்டான். காய்கறிக் கூடையைப் பார்த்தாலும் வகை பிரிப்பான். போன ஆடியில் எங்கள் வீட்டுப் பூனைக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னதும் என் மனைவி ஊசி வாங்கப் போனாள்; நான் நோட்டு வாங்கப் போனேன். இந்நூல் அந்த நோட்டிலிருந்து கிளைத்தது.

பூனையின் பெயர் கருப்பட்டி. நிறத்தால் வந்த காரணப்பெயர். இப்போது நோயாலும் பொருந்துகிறது. பத்து வயது, காயடித்த ஆண், ஆறரைக் கிலோ. வயதானது, ஆண், குண்டு என்ற மூன்றும் கூடிய பூனையைத்தான் இந்த நோய் பெரும்பாலும் தேடி வருகிறது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. பூனைக்கு இனிப்பு தெரியாது. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பியை உண்டாக்கும் மரபணு இரண்டில் ஒன்று பூனைக்குப் பழுதாகிக் கிடக்கிறது என்று 2005இல் கண்டுபிடித்தார்கள். ஒரு ஜிலேபியின் ருசி அறியாத பிராணிக்குச் சர்க்கரை வியாதி. நானாவது தின்று வாங்கினேன்.

என் மனைவி அதை ‘அவன்’ என்பாள். உவப்பினால் அஃறிணை உயர்திணையாவது திணை வழுவமைதி, குற்றமில்லை. நான் நூல் முழுக்க ‘அது’ என்றே எழுதுவேன்.

நீரியல்

நீர் இருவகை: உள்ளே போவது, வெளியே வருவது. இந்த நோயில் இரண்டும் பெருகும். தன் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, குளியலறை வாளி விளிம்பில் முன்காலை ஊன்றிக் கருப்பட்டி தண்ணீர் குடிப்பதை மூன்று வாரம் பார்த்தோம். வெயில் என்று நினைத்தோம். மண் தட்டில் எலுமிச்சை அளவில் கிடந்த கட்டிகள் சாத்துக்குடி அளவாயின. ரத்தத்தில் சர்க்கரை 250, 300 என்று ஏறிவிட்டால் சிறுநீரகத்தால் அதைப் பிடித்து வைக்க முடிவதில்லை; வெளியே போகிற சர்க்கரை தண்ணீரையும் கையோடு இழுத்துக்கொண்டு போகிறது. எங்கள் வீட்டின் முதல் பரிசோதனைக்கூடம் எறும்புகள்தாம். தட்டைச் சுற்றி வரிசை கட்டி நின்றன.

வாரித் தின்றும் இளைத்தது. ஐந்து கிலோவுக்கு இறங்கியது. பின்னங்கால் குதி தரையில் பட, முயல் உட்கார்ந்தபடியே நடப்பதுபோல் நடந்தது. சர்க்கரை நரம்பைத் தொட்டதற்கு அது அடையாளம்.

மருத்துவமனையில் காட்டிய எண் 390. நல்ல பூனைக்கு 80 முதல் 120 வரை இருக்கவேண்டும். ஆனால் கூடைக்குள் அடைத்து, ஆட்டோவில் குலுக்கி, நாய்கள் குரைக்கும் வரிசையில் உட்காரவைத்தால் நோயில்லாத பூனைக்கும் 300 வரும். ஆகவே சர்க்கரை இருவகை: மெய்ச்சர்க்கரை, அச்சச்சர்க்கரை. இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஃப்ரக்டோசமைன் சோதனை. அது அந்த நிமிடத்துப் பயத்தைக் கணக்கில் எடுக்காமல் முந்தைய இரண்டு வாரத்து நிலவரத்தைச் சொல்லும். கருப்பட்டியுடையது மெய்.

மாத்திரையியல்

கண் இமைக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று இலக்கணம் சொல்லும். வாயில் வைத்த மாத்திரையைப் பூனை துப்பவும் அதே நேரம்தான் ஆகிறது. தினம் ஒரு வேளை கொடுக்கும் பூனைச் சர்க்கரை மாத்திரைக்கு அமெரிக்காவில் 2022 டிசம்பரில் அனுமதி கொடுத்தார்கள். ஆனால் இன்சுலின் ஏற்கெனவே போட்டுக்கொண்ட பூனைக்கு அது ஆகாதாம். எங்களுக்கு இது தெரிவதற்குள் கருப்பட்டிக்கு ஊசி தொடங்கியிருந்தது. இவ்வியல் முற்றிற்று.

ஊசியியல்

1921இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தது நாய்களை வைத்து. அந்தப் பெருமை நாய்க்குப் போயிற்று. பூனையின் இன்சுலினோ மாட்டின் இன்சுலினிலிருந்து ஒரே ஒரு அமினோ அமிலத்தில்தான் வேறுபடுகிறது. ஓரெழுத்து மாறிய சொல் மாதிரி. எங்களுக்கு எழுதிக் கொடுத்தது மனிதருக்கென்று செய்யும் கிளார்ஜின். ஒரு வேளைக்கு ஒரு யூனிட், பன்னிரண்டு மணிக்கு ஒரு முறை. சிறுபொழுது ஆறு என்று வகுப்பில் எத்தனையோ தரம் ஒப்பித்திருக்கிறேன். இப்போது எங்கள் வீட்டில் இரண்டுதான்: காலை ஏழு, மாலை ஏழு. கல்யாண வரவேற்புகளிலிருந்து ஆறேகாலுக்கே எழுந்து வந்துவிடுகிறோம்.

என் மனைவியும் ஊசிக்காரிதான். ஃப்ரிட்ஜ் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் அவள் குப்பி. அது மில்லிக்கு 40 யூனிட். அடுத்து கருப்பட்டியின் குப்பி. அது மில்லிக்கு 100. நாற்பதுக்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, நூறுக்கு ஆரஞ்சு மூடி. ஒரு மாலை மின்வெட்டில் பூனையின் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு இழுத்துவிட்டேன். பார்வைக்கு ஒரு யூனிட், உள்ளே இரண்டரை. மனைவி டார்ச்சை என் கையில் அடித்துப் பார்த்து, “என்னங்க இது, என் ஊசி!” என்று பிடுங்கினாள். இரண்டரை மடங்கு மருந்து ஐந்து கிலோ உடம்பைச் சாய்த்துவிடக்கூடியது. மறுநாளே பூனையின் சாமான் தனி டப்பாவுக்கு, கீழ்த்தட்டுக்குப் போயிற்று.

ஊசி போடுவோர் மூவினம். என் மனைவி வல்லினம்: விலாப்பக்கம் தோலைக் கூடாரமாகத் தூக்கினாள், குத்தினாள், முடிந்தது. நான் மெல்லினம்: பூனையிடம் மன்னிப்புக் கேட்டு, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி மன்னிப்புக் கேட்பதற்குள் அது கட்டிலுக்கடியில். ஒரு கையில் பூனை, ஒரு கையில் போனுமாக உட்காரும் என் மகன் இடையினம். பூனை ஆய்தம், எந்த இனத்திலும் சேராமல் தனிநிலையாகத் திரியும்.

மெல்லினத்துக்கே உரிய வழு ஒன்று உண்டு. ஊசி கூடாரத்தின் இந்தப்பக்கம் நுழைந்து அந்தப்பக்கம் வெளியேறி, மருந்து ரோமத்தை நனைத்துவிடும். விரலால் தடவி முகர்ந்தால் ஆஸ்பத்திரி வாசம் அடிக்கும். அப்போது இன்னொரு ஊசி போடவே கூடாது. எவ்வளவு உள்ளே போயிற்று, எவ்வளவு வெளியே என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வேளை வரை பொறுக்கவேண்டும். ஒரு வேளை சர்க்கரை ஏறியிருப்பதைவிட ஒரேயடியாக இறங்குவது ஆபத்து.

உண்ணாப் பூனை என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வகுப்பில் இதற்கு ஒரு மதிப்பெண். வீட்டில், உண்ணாப் பூனைக்கு வழக்கமான அளவைப் போட்டுவிடாமல் டாக்டருக்குப் போன் செய்யவேண்டும். உண்ணாமல் வாந்தியும் எடுத்துச் சுருண்டு படுத்தால் போனும் வேண்டாம், நேரே ஆட்டோதான்.

குத்தியல்

இதைக் குற்றியல் என்று திருத்தமாக எழுதினால் உகரம் வந்து ஒட்டிக்கொள்ளும். பேசப்படுவது காது. காதின் விளிம்போரம் ஓடும் மெல்லிய ரத்தக்குழாயை ஒட்டிக் குத்தினால் கடுகளவு ரத்தம் வரும். குளிர்ந்த காதில் வராது. பழைய காலுறையில் ஒரு பிடி அரிசி போட்டு முடிந்து, தோசைக்கல்லில் லேசாகச் சுடவைத்து ஒத்தடம் கொடுத்தால் வரும். மனிதருக்கான கருவியில் பூனை ரத்தம் பெரும்பாலும் உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இரண்டு மணிக்கு ஒரு குத்து என்று பகல் முழுக்க எடுத்தால் அதற்கு ‘கர்வ்’ என்று பெயர். ஊசி போட்டதும் இறங்கி, நடுவில் தரை தட்டி, அடுத்த ஊசிக்குள் ஏறவேண்டும். கருப்பட்டியின் முதல் கர்வ்: 340, 290, 220, 310, 240, 360, 330. காலை பதினொன்றில் இறங்கியது பகல் ஒன்றுக்கு ஏன் ஏறியது? சூத்திரத்துக்குள் அடங்கவில்லை. நான் வாய்பாட்டைத் திருத்தினேன். என் மனைவி மதியம் பூனையின் பின்னால் போனாள்.

உணவியல்

பூனை கறி தின்னப் பிறந்தது. மாவுச்சத்தைச் சமாளிக்க அதன் ஈரலிடம் போதிய கருவி இல்லை. அதனால் உலர்தீனியை நிறுத்தி, மாவு குறைந்த ஈரத் தீனி எடுத்தோம். எங்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்கு. வழு முழுவதும் தெருவில் இருந்தது.

ஒரு பொருள் குறித்த பல பெயர் என்று ஒரு பாடம் உண்டு. எங்கள் பூனை அதற்கு உதாரணம். கீழ்வீட்டில் கருப்பட்டி. மாடியில் தனியாக இருக்கும் பாட்டிக்கு அது மணி. பன்னிரண்டே முக்காலுக்கு எவர்சில்வர் தட்டில் தயிர்சாதம். எதிரே இஸ்திரி வண்டிக்காரருக்கு டைகர். நாலரைக்குப் பாலில் ஊறிய பொறை. பொறை என்றால் பொறுமை என்றே முப்பத்திரண்டு வருடம் உரை சொல்லியிருக்கிறேன்.

பாட்டி நம்பவில்லை. “ஒரு வாய் தயிர்சாதத்துல சர்க்கரை வந்துடுமா சார்? நான் எழுபது வருஷமா சாப்பிடறேன்.” இஸ்திரிக்காரர் நம்பினார், அதுதான் பயமாக இருந்தது. “டைகருக்கும் சுகரா? நான் ரெண்டு வேளை மாத்திரை போடறேன் சார், அதுல பாதி உடைச்சு பொறையில வச்சுக் குடுக்கட்டா?” வேண்டவே வேண்டாம் என்று கும்பிட்டேன்.

ஊட்டுவோரை அறிந்து ஊட்டுவோர், அறியாது ஊட்டுவோர், அறிந்தும் ஊட்டுவோர் என்று பிரித்தேன். மூன்றாம் வகையில் பாட்டியைச் சேர்த்த அன்று சாயங்காலமே அவர் வந்து, “இனிமே போடமாட்டேன், நீங்க சொல்றதைப் போடறேன்” என்று இரண்டு டின் வாங்கிப் போனார். வகைப்பாடு சிதைந்தது. தெரு ஒரே நாளில் திருந்திவிட்டது.

தவறு அங்கேதான். மாவு குறைந்தால் இன்சுலின் தேவையும் சட்டென்று குறையும். டாக்டரிடம் சொல்லாமல் நாங்கள் அதே அளவைப் போட்டுக்கொண்டிருந்தோம். ஐந்தாம் நாள் இரவு பதினோரு மணிக்குக் கருப்பட்டி குடித்தவன் மாதிரித் தள்ளாடிச் சுவரில் இடித்து நின்றது. காதில் குத்தினால் 48. மனைவி தேன் பாட்டிலைத் திறந்து விரலில் தொட்டு ஈறில் தேய்த்தாள். வாய்க்குள் ஊற்றக்கூடாது, புரையேறும். நான் தலையைப் பிடித்துக்கொண்டு, “டேய், எங்கேயும் போயிடாதேடா, அவன் கண்ணு என்னைப் பார்க்குதா பாரு” என்றேனாம். இந்த நூலின் ஒரே திணை வழு அது. மனைவி சொல்லித்தான் தெரியும். கால் மணியில் 71. பிறகு ஆட்டோ, இரவு மருத்துவமனை, விடியும்வரை பெஞ்சு. டாக்டர் அளவைப் பாதியாக்கினார்.

புறனடை

மேலே சொன்னவற்றில் அடங்காதவற்றை அடக்குவது புறனடை. எட்டாம் வேற்றுமையாகிய விளிக்கு இந்தப் பூனை என்றைக்கும் செவிசாய்த்ததில்லை. எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் வராது. ஆனால் ஆரஞ்சு மூடியைத் திருகும் சத்தத்துக்கு ஓடிவந்து முதுகைக் காட்டும், ஊசிக்குப் பின் கிடைக்கும் வேகவைத்த கோழித்துணுக்குக்காக. சில பூனைகளுக்கு நாளடைவில் ஊசியே வேண்டாம் என்றாகும் என்கிறார்கள். நிறுத்துவது டாக்டர் கையில். அதற்குப் பிறகும் அளந்துகொண்டே இருக்கவேண்டும்.

இப்போது நோட்டு மூன்று வீட்டுக்கும் பொது. பாட்டி ‘மணி, அரை டின், 12.45’ என்று எழுதுகிறார். இஸ்திரிக்காரர் மகள் ‘டைகர், ஒன்றும் தரவில்லை, கோபம்’ என்று எழுதுகிறாள். நான் ‘கருப்பட்டி, அரை யூனிட், 7.00’. போன வாரம் நோட்டைக் கொண்டுபோனேன். டாக்டர் இரண்டு பக்கம் புரட்டினார், எண்களைப் பார்த்து முகம் மலர்ந்தார், பிறகு மூக்குக்கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு கேட்டார்:

“நல்லா கன்ட்ரோல்ல இருக்கு சார். மொத்தம் எத்தனை பூனை வளர்க்கறீங்க?”