நூறு டாலர் பர்கர்

அமெரிக்காவில் சொந்த விமானம் வைத்திருப்பவர்களிடையே ‘நூறு டாலர் பர்கர்’ என்றொரு பேச்சு உண்டு. சனிக்கிழமை காலை பக்கத்து ஊர் ஓடுதளத்தில் போய் இறங்கி, அங்கே ஒரு பர்கர் தின்றுவிட்டுத் திரும்புவது. நூறு என்பது பழைய விலை. இப்போது அது போதாது.

வாகனம் பெரும்பாலும் செஸ்னா 172 என்ற குட்டி விமானம். 1956-இல் விற்பனைக்கு வந்து, 44,000-க்கு மேல் செய்தாகிவிட்டது. இருக்கை நாலு உண்டு. ஆனால் தொட்டி நிறைய ஊற்றிவிட்டால் நாலு பெரியவர்கள் ஏற முடியாது, எடை மீறிவிடும். மாமியாரை வீட்டிலேயே விட்டுப்போக இவ்வளவு கௌரவமான காரணம் நம் அம்பாசடர்காரர்களுக்கு வாய்த்ததில்லை.

வேகம் மணிக்கு 220 கிலோமீட்டர் சொச்சம். பலத்த எதிர்காற்று என்றால் கீழே நெடுஞ்சாலைக் கார்கள் கூடவே வரும். சில கார்கள் முந்தியும் போகும்.

வருடம் ஒருமுறை மெக்கானிக் பிரித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், சட்டம். டார்ச்சை வாயில் கவ்வியபடி அவர் இழுக்கும் ஒவ்வொரு ‘ம்ம்’முக்கும் ஆயிரம் டாலர் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பேசாமல் எண்ணிவைக்கிற அதே விமானச் சொந்தக்காரர்தான், பர்கரில் சீஸுக்குத் தனிக்காசா என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்.