பலோட்டெல்லியின் குதிகால்: ஒரு பாஷ்யம்

ஒருவர் ஒரு காரியத்தை ஏன் செய்தார் என்பதை அவரையே கேட்டுத் தெரிந்துகொள்வது பாமரர் வழக்கம். அவரைக் கேளாமலும், கேட்டாலும் அவர் சொல்வதை நம்பாமலும், நானூறு பக்கங்களில் நிர்ணயம் செய்வது பண்டிதர் மரபு. இவ்விரண்டாவது மரபைச் சிரமேற்கொண்டு, இத்தாலிய முன்கள வீரர் மாரியோ பலோட்டெல்லி கால்பந்து மைதானத்தில் செய்தனவற்றை நால்வகையாகப் பகுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மூவகை என்று கொண்டாரும் உளர். அவர்கள் எனக்கு முன்பே எழுதிவிட்ட குற்றத்தினால் ஈண்டுப் பொருட்படுத்தப்படவில்லை.

முதல் வகை பெனால்டி. 2013 செப்டம்பரில் நேப்போலியின் கோல்கீப்பர் ரெய்னா தடுக்கும்வரை அது உள்ளேதான் போயிற்று; ஆகவே ஆராய்ச்சிக்கு உதவாது.

இரண்டாம் வகை சட்டை. அது அணிய மாட்டாமை, தூக்கிக் காட்டல், களைதல் என மூன்றாக விரியும். 2011 மார்ச்சில் டைனமோ கீவ் அணியோடு ஆடுவதற்கு முன், பயிற்சி மேற்சட்டையில் தலை நுழைய வேண்டிய வழி எது என்று புலப்படாமல் அவர் திகைத்து நின்றது முதலாவது. அவ்வாண்டு அக்டோபரில், அவருடைய அணியான மான்செஸ்டர் சிட்டி தன் ஊர்ப் பகையான யுனைடெட்டை ஓல்ட் டிராஃபோர்டிலேயே 6-1 என்று வீழ்த்திய ஆட்டத்தில், கோல் போட்டவுடன் சட்டையைத் தூக்கி, ‘ஏன் எப்போதும் நானே?’ என்ற உட்சட்டை வாசகத்தை உலகுக்குக் காட்டியது இரண்டாவது. இது இலக்கணிகள் கூறும் அறுவகை வினாவுள் அறியா வினாவா, ஐய வினாவா என்று வித்துவான்கள் தொடை தட்டி எழுவதற்குள், நடுவர் மஞ்சள் அட்டையைக் காட்டி விடை பகர்ந்துவிட்டார். 2012 ஜூனில் வார்சாவில், யூரோ அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டாம் கோலை அடித்துச் சட்டையைக் களைந்து சிலையென நின்றது மூன்றாவது. அதற்கும் மஞ்சள் அட்டையே கிடைத்தமையால், சட்டைக்கும் மஞ்சளுக்கும் உள்ள சம்பந்தம் தனி நூலாக விரிக்கத் தக்கது.

மூன்றாம் வகை குதிகால். பாஷ்யத்தின் உயிர்நிலை இதுவே. 2011 ஜூலையில் மான்செஸ்டர் சிட்டிக்கும் லாஸ் ஏஞ்சலீஸ் காலக்ஸிக்கும் நடந்த சிநேக ஆட்டத்தில், கோல்கீப்பரைத் தவிர எதிரே ஒருவரும் இல்லாத நிலையில், பள்ளிச் சிறுவனும் கண்ணை மூடிக்கொண்டு பந்தை உள்ளே தள்ளியிருக்கக்கூடிய இடத்தில், பலோட்டெல்லி கோலுக்கு முதுகைக் காட்டிச் சுழன்று குதிகாலால் பந்தைத் தட்ட, அது கம்பத்துக்கு வெளியே போயிற்று.

ஆஃப்சைடு என்று எண்ணி விளையாட்டாகத் தட்டினார் என்பது பூர்வபட்சம். விசில் ஒலிக்காதபோது எண்ணுவதற்கு உரிமையுடையவர் நடுவரேயாதலின் அது பொருந்தாது. சுலபமானதைக் கடினமாக்குவது கலைஞர் இயல்பு என்பர் மற்றொரு சாரார். அது உரையாசிரியர் இயல்பேயன்றிக் கலைஞர் இயல்பன்று. இனிச் சித்தாந்தம். குதிகாலால் பந்தாடும் முறை, கடல் கொண்டுபோன ஒரு பழைய பந்திலக்கணத்தில் விதிக்கப்பட்டதேயாகும். அந்நூலை ஒருவரும் கண்டதில்லை. அதற்கு எழுந்த உரையும் அகப்படவில்லை. அவ்வுரைக்கு எழுந்த மறுப்பைக் கறையான் தின்றுகொண்டிருக்கையில் நேரில் கண்டதாக ஒரு பெரியவர் கூற, அதை அரைத்தூக்கத்தில் கேட்டவரின் மருமகப்பிள்ளை எழுதிவைத்த குறிப்பேட்டின் மேலட்டை மட்டும் என் கைவசம் இருக்கிறது. அம்மேலட்டையில் காணும் கறை குதிகால் வடிவினது என்பது ஒன்றே என் கொள்கைக்குப் போதிய பிரமாணம். அது காப்பிக் கறை என்பார் பொறாமையுடையார். இதனினும் மெலிந்த ஆதாரத்தின்மேல் நூல்களின் காலத்தை ஆயிரம் ஆண்டு முன்னே தள்ளி, அதற்காகப் பொன்னாடையும் போர்த்திக்கொண்டவர்களை நாம் அறிவோம்.

இச்செய்கைக்கு எழுந்த உரைகளுள் மிகச் சுருக்கமானது பயிற்சியாளர் மஞ்சினியின் உரை. முதற்பாதி முடியும்வரைகூடப் பொறாமல், பலோட்டெல்லியை வெளியே அழைத்து ஜேம்ஸ் மில்னரை உள்ளே அனுப்பினார். மூலம் தோன்றிச் சற்றைக்கெல்லாம் உரையும் முற்றுப்பெற்ற நூல் வேறொன்று உண்டோ என்பதை அறிஞர்கள் தெரிவிப்பார்களாக.

நான்காம் வகை பாஸ். 2012 மே 13-ஆம் தேதி, குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அணியோடு 2-2 என்று நின்ற ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், பலோட்டெல்லி கீழே விழுந்துகொண்டே பந்தைச் சக வீரர் அகுவேரோவிடம் தள்ளினார். அவர் ஏன் தாமே அடிக்க முயலவில்லை, விழுந்தது கருத்தினாலா கால் இடறியதனாலா என்று அகுவேரோ ஆராய்ந்துகொண்டிருந்தால், பட்டம் யுனைடெட்டுக்குப் போயிருக்கும். அவர் ஆராயவில்லை, ஓடினார், அடித்தார். 44 ஆண்டுகளுக்குப் பிறகு சிட்டி இங்கிலாந்தின் சாம்பியன் ஆயிற்று. பிரிமியர் லீக் ஆட்டங்களில் சிட்டியின் ஒரு கோலுக்கு பலோட்டெல்லி வழிவகுத்துக் கொடுத்தது அந்த ஒரே ஒரு முறைதான்.

ஆதலின் எமது முடிந்த முடிபு யாதெனில், இத்தகைய ஆட்டக்காரரின் காரணத்தைத் தேடுவோர் மைதானத்துக்கு வெளியே நாற்காலி போட்டு அமர்க. பந்து வேண்டுவோர் அவர் அருகே ஓடுக.