மூன்று முதலமைச்சர்கள், ஆறு கள்ளர்கள், ஒரு சாவிக்கொத்து

கோயம்புத்தூர் வீடியோ ஸ்டூடியோக்களில் இப்போது ஒரே கல்யாணத்தை நாலு பேர் நாலு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெட்டுகிறார்கள். முகூர்த்தம் ஒருவருக்கு, ரிசப்ஷன் ஒருவருக்கு, சீர் இன்னொருவருக்கு. எந்தக் கிளிப் யாரிடம், யார் தொடலாம், எது கடைசி வெர்ஷன் என்று கணக்கு வைக்க மீடியா அசெட் மேனேஜ்மெண்ட் என்று ஒரு சாப்ட்வேர் உண்டு. அது இல்லாத இடத்தில் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'இதுதான் ஃபைனல்' என்று மூன்று முளைக்கும். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேருவது முதலாவதாக இருக்கும்.

கோவைப் பட்சிராஜா ஸ்டூடியோவுக்கு இந்தத் தலைவலி 1954-லேயே வந்தது. சாப்ட்வேர் கிடையாது. எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு இருந்தார்.

'மலைக்கள்ளன்' என்ற அந்த ப்ராஜெக்டின் யூசர் பட்டியலைப் பாருங்கள். கதை நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளை: உப்புச் சத்தியாகிரகத்துக்குப் பாட்டெழுதிய காந்தியவாதி. வசனம் மு. கருணாநிதி: காந்தியவாதிகளைக் கண்டால் பேனா துள்ளும் திமுககாரர். கதாநாயகன் எம்.ஜி.ஆர்: கதரிலிருந்து அண்ணா பக்கம் அப்போதுதான் வந்திருந்தார். கதாநாயகி பானுமதி: எவராலும் ரீட்-ஒன்லி ஆக்க முடியாதவர். டைரக்டரும் முதலாளியும் நாயுடு, அதாவது அட்மின். இவர்களை ஒரே ஃபோல்டரில் போட்டு, க்ராஷ் ஆகாமல் படத்தை முடித்ததற்கே ஒரு பதக்கம் தரலாம். டெல்லி தந்தது. ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய முதல் தமிழ்ப் படம் அதுதான்.

கோவைக்காரர் புத்தி மில் புத்தி. பஞ்சு நூலாகும், நூல் போக மிஞ்சும் கழிவுக்கும் விலை போட்டுவிடுவார்கள். நாயுடுவுக்குக் கதையும் அப்படியே. அதே வருஷம் தெலுங்கில் 'அக்கி ராமுடு': ஹீரோ என்.டி. ராமராவ், ஹீரோயின் அதே பானுமதி. 1955-ல் இந்தியில் 'ஆஸாத்'. திலீப் குமாரையும் மீனா குமாரியையும் கோயம்புத்தூருக்கே வரவழைத்தார். 1957-ல் மலையாளத்தில் 'தஸ்கரவீரன்', கன்னடத்தில் 'பெட்டத கள்ள', சிங்களத்தில் 'சூரசேன'. இன்று ஒரு படத்தை நாலு பாஷையில் டப் பண்ணிவிட்டு பான் இந்தியா என்று போஸ்டர் அடிக்கிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம்.

பட்டியலில் இன்னொரு கூத்து. வசனகர்த்தா 1969-லும், தமிழ்க் கள்ளன் 1977-லும், தெலுங்குக் கள்ளன் 1983-லும் முதலமைச்சர் ஆனார்கள். பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுப்பது எப்படி என்று நாயுடு செலவில் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் மூவரும் ஆட்சிக்குப் போனார்கள்.

'ஆஸாத்' பாட்டுகளுக்கு முதலில் நௌஷாத்திடம் போய், ஒரு மாசத்தில் ஒன்பது பாட்டு வேண்டும் என்று நாயுடு கேட்டார், நௌஷாத் வாசலைக் காட்டினார் என்று பம்பாயில் ஒரு கதை உலவுகிறது. சி. ராமசந்திரா சரி என்றார், பாட்டுகளும் ஹிட். படத்துக்குப் படம் சோகத்தில் உருகிக்கொண்டிருந்த திலீப் குமாருக்குச் சிரித்து நடித்ததற்காக ஃபிலிம்ஃபேர் விருது.

சரி, சர்வர் எங்கே? அந்தக் கால ஸ்டூடியோ எதிலும் அது ஓர் இருட்டறை. தகர டப்பாக்கள், ஒரு பேரேடு, இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒருவர். கேமராவில் ஓடிய நெகட்டிவ்தான் ஒரிஜினல். அதன் மேல் எடிட்டர் மூச்சுக்கூடப் படக்கூடாது. அதிலிருந்து ஒரு பாசிட்டிவ் அடித்து, ரஷ் என்று அவர் கையில் கொடுப்பார்கள். வெட்டலாம், கீறலாம், காபி சிந்தலாம். ப்ராக்ஸி என்று இன்று விற்பது இதைத்தான். ஒவ்வொரு ஷாட்டின் தலையிலும் கிளாப் பலகை: சீன் எண், டேக் எண். இதுதான் மெட்டாடேட்டா, எழுத்து கிளாப் பையனுடையது. பிலிம் ஓரத்தில் அடிக்கு ஒரு எண் வேறு ஓடும். ரஷ்ஷில் முடிவான வெட்டை அந்த எண்ணை வைத்து நெகட்டிவில் தேடிப் பிடித்து, வெள்ளைக் கையுறைக்காரர் ஒருவர் வெட்டுவார். அவர் கத்தரி மூடினால் மூடியதுதான். கண்ட்ரோல்-இசட் கிடையாது.

ஒட்டுப் போடுவது தனி வித்தை. பிலிம் முனையில் நூல் அகலத்துக்குப் பிளேடால் பூச்சைச் சுரண்டி, மூக்கைத் துளைக்கும் பிலிம் சிமெண்டைத் தடவி, மறுமுனையை அதன் மேல் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டால் ஈரோட்டிலோ தாராபுரத்திலோ ஹீரோ வாளை உருவும் நேரம் பார்த்து ஒட்டு விட்டுப்போகும். விசில் பறக்கும், ஆபரேட்டரின் அம்மாவைப் பற்றியும் விசாரிப்பார்கள்.

லாக்கிங் சிஸ்டம் எளிது. "ஏனுங்ண்ணா, ஆறாவது ரீலு எங்கீங்?" "தெலுங்குக்காரரு எடுத்துட்டுப் போயிட்டாருங்." டப்பா ஒருவர் கையில் இருந்தால் அடுத்தவர் டீ குடிக்கப் போக வேண்டியதுதான்.

ப்ராஜெக்ட் பாதியில் யூசர் மாறுவதும் நாயுடுவுக்குப் பழக்கம்தான். அவர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் இருந்தபோது, பாகவதர் நடித்த 'சிவகவி'யை ராஜா சாண்டோ இயக்க ஆரம்பித்தார். அவருக்கும் நாயுடுவுக்கும் ஒத்துவரவில்லை. சாண்டோ வெளியேற, நாயுடுவே உட்கார்ந்து 1943-ல் முடித்தார். பாஸ்வேர்டு மாற்றும் தொல்லைகூட இல்லை.

டெலீட் விஷயத்தில் மட்டும் நம் முன்னோர் எந்த சாப்ட்வேரையும் மிஞ்சினார்கள். அக்கால நைட்ரேட் பிலிம் பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். எரியாமல் தப்பியதை வியாபாரி எடைக்கு வாங்கி, பூச்சிலிருந்த வெள்ளியை எடுத்துக்கொண்டான். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) இன்று ஒரு ரீல்கூட இல்லை. தென்னாட்டு மௌனப் படங்களில் ஏறக்குறைய முழுசாகப் பிழைத்தது 1933-ல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். அதுவும் எப்படி? கதைக்கு மூலமான நாவலின் உரிமை வைத்திருந்த பதிப்பகம் வழக்குப் போட்டது, ரீல்கள் முடங்கின, யாரும் தொடவில்லை. 1974-ல் அப்படியே பூனா ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

'மலைக்கள்ளன்' கோர்ட் வாசலை மிதிக்காமலே பிழைத்துக்கொண்டான். யூடியூபில் இன்றும் கிடைக்கிறான். யார் ஏற்றினார்கள், உரிமை யாரிடம் என்று மட்டும் கேட்காதீர்கள். கள்ளன் படமுங்க அது.