பெயின்ட் காயும்வரை போர் இல்லை

பிளாஸ்டிக் சிப்பாய்களை வாங்கி வைத்துக்கொண்டு பெயின்ட் அடிக்கும் பெரியவர்களைப் பற்றி உலகத்தில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. ஒன்று, இவர்களுக்கு வயசு ஏறியதே தவிர புத்தி ஏறவில்லை. இரண்டு, இவர்கள் உள்ளுக்குள் போர் வெறியர்கள். முதலாவதைப் பிறகு கவனிக்கலாம். இரண்டாவது அப்பட்டமான அவதூறு. சரித்திரப் போர் விளையாட்டு என்பது பழைய யுத்தம் ஒன்றை, உதாரணமாக வாட்டர்லூவை, சாப்பாட்டு மேசை மேல் மறுபடி நடத்துவது. பச்சைத் துணி விரித்து, மேடு பள்ளம் அமைத்து, இரண்டு பக்கமும் குட்டிச் சிப்பாய்களை நிறுத்தி, டேப் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டி யார் செத்தார்கள் என்று தீர்மானிப்பது. இங்கிலாந்தில் இதற்குப் பத்திரிகை உண்டு, சங்கம் உண்டு, கண்காட்சி உண்டு. கேட்பதற்குப் போர் மாதிரித்தான் இருக்கும். என் கட்சி வேறு. போரை இவ்வளவு நம்பகமாக ஒத்திவைக்கிற ஏற்பாட்டை மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்ததில்லை, ஐ.நா. சபையையும் சேர்த்தே சொல்கிறேன். பெட்டியைப் பிரித்தால் சிப்பாய்கள் ஒரே நிறத்தில், உடுப்பில்லாமல் இருப்பார்கள். ஆள் பாதி ஆடை பாதி என்பதில் ஆள் பாதியை மட்டும்தான் கம்பெனி விற்கிறது. ஆடை பாதியை வாங்கியவர்தான் பிரஷ் பிடித்துப் போட்டுவிட வேண்டும். உடுப்புப் போடாத படையைக் களத்தில் இறக்குவது மரியாதை இல்லை என்பது அந்த வட்டாரத்தில் எழுதாத சட்டம்.

கணக்கு போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் நெப்போலியனிடம் சுமார் 73,000 பேர், வெலிங்டனிடம் சுமார் 68,000 பேர், பிற்பகலில் வந்து சேர்ந்த பிரஷ்யத் தளபதி ப்ளூகரிடம் சுமார் 50,000 பேர். ஒரு பொம்மைக்கு 20 வீரர்கள் என்பது இந்த ஆட்டத்தில் வெகுகாலமாகப் புழங்கும் விகிதம். அப்படியானால் 9,550 பொம்மைகள் வேண்டும். ஒரு பொம்மைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். இது கஞ்சக் கணக்கு. குதிரைகளை இதில் சேர்க்கவே இல்லை. தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம், கிறிஸ்துமஸுக்குக்கூட லீவு போடாமல் உட்கார்ந்தால் 26 வருஷம் ஆகும். நெப்போலியன் பெயரில் நடந்த யுத்தங்கள் எல்லாம் சேர்ந்தே 1803 முதல் 1815 வரை 12 வருஷம்தான். ஐரோப்பாவைப் பிடிப்பதைவிட அதற்குச் சட்டை மாட்டுவது இரண்டு மடங்கு வேலை. 35 வயதில் ஆரம்பிக்கிறவர் 61 வயதில் போர்ப் பிரகடனம் செய்யலாம். அதற்குள் கண்ணில் புரை விழுந்திருக்கும், மேசையை மருமகள் எடுத்துக்கொண்டிருப்பாள்.

இத்தனூண்டு பொம்மைக்கு ஒரு மணி நேரமா என்று கேட்பவர்கள் பிரிட்டிஷ் ராணுவத்தை அறியாதவர்கள். 1/72 அளவில் சிப்பாயின் உயரம் இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைவு. காலர் ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். காலாட்படைக்குச் சிவப்புக் கோட்டு என்று தெரிந்தால் போதாதா? போதாது. காலரும் கைமடிப்பும் ரெஜிமென்டுக்கு ரெஜிமென்ட் நிறம் மாறும். வாட்டர்லூவில் ஹால்கெட் என்கிற தளபதியின் ஒரே பிரிகேடில் நான்கு ரெஜிமென்டுகள்: 30-வதுக்கு வெளிர் மஞ்சள், 33-வதுக்குச் சிவப்பு, 69-வதுக்குப் பச்சை, 73-வதுக்குக் கரும்பச்சை. (இந்த 33-வது ரெஜிமென்ட் நம் பக்கத்துக்கும் பழைய பழக்கம்தான். 1799-இல் திப்புவுக்கு எதிராக ஸ்ரீரங்கப்பட்டணம் வரை வந்த படை அது.) மார்பில் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு வெள்ளை நாடா. சில ரெஜிமென்டுகளில் ஒற்றை ஒற்றையாக, சிலவற்றில் ஜோடி ஜோடியாக; முனை சிலவற்றில் சதுரம், சிலவற்றில் கூர்மை. முதலில் பிரைமர், அது காய்ந்ததும் சிவப்பு, கோட்டு மடிப்புகளில் தண்ணீராகக் கரைத்த கருஞ்சிவப்பு, மேடுகளில் இளஞ்சிவப்பு, அதற்குமேல் குறுக்காக இரண்டு வெள்ளை வார்கள். வெள்ளை ஒரு மயிரிழை வழிந்து சிவப்பைத் தொட்டால் சிவப்பை மறுபடி அடிக்க வேண்டும். அடிக்கிற சிவப்பு வெள்ளையைத் தொட்டால் அதைத் திருத்த வேண்டும். இந்த எல்லைத் தகராறு தீர்வதற்குள் நடுநிசி. துணிச்சல்காரர்கள் கண்ணும் வைப்பார்கள். வெள்ளைப் புள்ளி, அதன் நடுவில் கறுப்புப் புள்ளி. வைத்த மாத்திரத்தில் சிப்பாய் ஏதோ பயங்கரத்தைப் பார்த்துவிட்டவனாக முழிக்க ஆரம்பிப்பான். வாட்டர்லூவில் நின்றவனுக்கு அது பொருத்தமான முழிதான் என்று விட்டுவிடுவது உத்தமம்.

பிளாஸ்டிக்கும் தன் பங்குக்குச் சமாதானத்துக்கு உழைத்திருக்கிறது. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1959-இல் வெளியிட ஆரம்பித்த குட்டிச் சிப்பாய்கள் மெத்தென்ற பாலிதீனால் ஆனவை. மளிகைக் கடை கேரி பேக்குக்கு நெருங்கிய சொந்தம். பாலிதீனில் பெயின்டும் பிடிக்காது, பசையும் பிடிக்காது. அடித்த பெயின்ட் துப்பாக்கி முனைக் கத்தியை லேசாக வளைத்தாலே செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். ஆகவே படையைச் சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டி, ஃபெவிகால் ஜாதி வெள்ளைப் பசையில் ஒரு கோட்டு கொடுத்து, அதற்குமேல்தான் பெயின்ட். இதோடு முடிந்ததா? வேண்டிய படை பெட்டியில் இருக்காது. நெப்போலியன் காலத்துப் பெட்டிகள் வருவதற்கு முன்னால், அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களைத்தான் ஆட்டக்காரர்கள் பிரெஞ்சுக்காரர்களாக மதம் மாற்றினார்கள். பிளேடால் கழுத்தை அறுத்து, வேறொருவன் தலையை எடுத்து, பசை பிடிக்காது என்பதால் ஊசித் துண்டைச் சூடாக்கிச் செருகிப் பொருத்துவார்கள். தோள்பட்டை அலங்காரத்துக்குப் பிசினில் ஒரு பொட்டு. இந்த விளையாட்டில் ரத்தக்களரி என்று ஒன்று உண்டென்றால் அது போர்க்கள மேசையில் இல்லை, இந்த வேலை மேசையில்தான். சொந்தப் படையின் தலையைத்தான் வெட்டுகிறார்கள். கடைசியில் ஏர்ஃபிக்ஸே வாட்டர்லூ வரிசையைக் கொண்டுவந்தது. ஹைலேண்டர்கள் வந்தார்கள், குதிரைப்படை வந்தது, பிரஷ்யர்கள் மட்டும் எல்லோருக்கும் பின்னால் வந்தார்கள். சரித்திரத்தில் அவர்கள் தாமதித்தது ஒரு பிற்பகல். பிளாஸ்டிக்கில் பல வருஷம். அதுவரை பிரஷ்யர் வேண்டியவர் வேறு எவன் கழுத்தையாவது அறுக்க வேண்டியதுதான்.

என் கட்சிக்கு வலுவான சாட்சி, பெயின்ட் அடிக்காதவர்கள் என்ன செய்தார்கள் என்பது. 1824-இல் பிரஷ்ய ராணுவத்தின் ரைஸ்விட்ஸ் என்ற லெப்டினன்ட் ஒரு போர் விளையாட்டை விதிமுறைகளோடு வெளியிட்டார். அதில் சிப்பாய் பொம்மையே கிடையாது. ஒரு பக்கத்துக்குச் சிவப்பு, மறு பக்கத்துக்கு நீலம் என்று சின்னச் சின்னக் கட்டைகள். முகம் இல்லை, காலர் இல்லை, நாடா இல்லை. பெட்டியைத் திறந்த உடனே ஆடலாம். ஆடினார்கள். மோல்ட்கே போன்ற தளபதிகள் அதை ஊக்குவித்தார்கள். 1866-இல் ஆஸ்திரியாவையும் 1870-இல் பிரான்ஸையும் நிஜமாகவே போய் அடித்தார்கள். ராத்திரி வேலை இல்லாத ராணுவம் அப்படித்தான். அடுத்த சாட்சி எச்.ஜி. வெல்ஸ். அவர் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற புத்தகத்தில் வீட்டுத் தரையில் ஆடும் போர் விளையாட்டுக்கு விதிகள் எழுதினார். அவருடைய படை பிரிட்டன்ஸ் கம்பெனியின் ஈயச் சிப்பாய்கள். கடையிலேயே பெயின்ட் அடித்து விற்கப்பட்டவை. ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் அவற்றை மரக்குண்டு கொண்டு சுட்டு வீழ்த்துவதுதான் ஆட்டம். நாடாவை ஒவ்வொன்றாகத் தன் கையால் வரைந்த எந்த மனிதனாவது அதன்மேல் பீரங்கி வைப்பானா? பெரிய போர் எவ்வளவு முட்டாள்தனமானது, சின்னப் போரே மனிதனுக்குப் போதும் என்று வெல்ஸ் அதே புத்தகத்தில் வாதாடியிருக்கிறார். மறு வருஷமே உலகப் போர் வந்தது. அவரும் அந்த 1914-இலேயே போர்களுக்கெல்லாம் முடிவு கட்டும் போர் இது என்று அதை ஆதரித்துப் புத்தகம் போட்டார். சரயேவோவில் விழுந்த குண்டுக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

எதிர்க்கட்சிக்காரர்கள் இங்கே வில்லியம் சைபார்னைக் கொண்டுவருவார்கள். நியாயம்தான். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியான சைபார்ன் வாட்டர்லூவின் மாதிரி ஒன்றைச் செய்யும் பொறுப்பை 1830-இல் ஏற்றார். களத்திலேயே இருந்த லா ஹே சாந்த் பண்ணை வீட்டில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். பிழைத்திருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் போட்டு, மாலை ஏழு மணிக்கு நீங்கள் எங்கே நின்றீர்கள், வயலில் என்ன பயிர் இருந்தது என்று துளைத்தெடுத்தார். அரசாங்கம் பாதியில் பணத்தை நிறுத்தியது, கைக்காசைப் போட்டார். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிச் சிப்பாய்களோடு 1838-இல் லண்டனில் மாதிரி காட்சிக்கு வந்தது. இவ்வளவு நுணுக்கம் சமாதானத்தையா கொண்டுவந்தது, வெலிங்டனோடு சண்டையைத்தானே கொண்டுவந்தது என்பார்கள். உண்மை. பிரஷ்யர்கள் இவ்வளவு பேராக இவ்வளவு முன்னேறி நிற்பதைப் பிரபு ரசிக்கவில்லை. பின்னால் பிரஷ்யர்களில் பெரும் பகுதியை மாதிரியிலிருந்து எடுக்கவும் நேர்ந்தது. ஆனால் நடந்ததெல்லாம் கடிதப் போக்குவரத்து. ஒரு தளபதியும் அவருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரியும் வருஷக்கணக்கில் மோதிக்கொண்டு ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை என்பதை என் பக்கத்துச் சாட்சியாகவே எடுத்துக்கொள்கிறேன். மாதிரி இன்றும் லண்டனில் தேசிய ராணுவ மியூசியத்தில் இருக்கிறது. சைபார்ன் கடனாளியாகச் செத்தார் என்பது வேறு கதை.

இத்தனை நுணுக்கமும் பொய்தானே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். போருக்கு முந்தின ராத்திரி பூரா மழை. காலையில் இரண்டு ராணுவமும் சேற்றுக் குளியல். பிரெஞ்சுக்காரர்களில் பலர் அழகான கோட்டின்மேல் பழைய ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு, தொப்பிக்கும் உறை போட்டிருந்தார்கள். பிரிட்டிஷ் சிப்பாயின் சிவப்பு மஞ்சிட்டி வேர்ச் சாயம். வெயிலிலும் மழையிலும் செங்கல் நிறத்துக்கு வெளுத்துவிடும். விலை உயர்ந்த பூச்சிச் சாயம் அதிகாரிகளின் கோட்டுக்கு. எல்லாம் சரி. இதைப் பெயின்ட் அடிக்கிறவரிடம் சொல்லிப் பாருங்கள். மிக்க நன்றி என்பார். ஏற்கெனவே முடித்த 200 பேரையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவன் கோட்டையும் வெவ்வேறு அளவுக்கு வெளுக்க வைத்து, முழங்கால் வரை சேறு பூசுவார். உண்மை தெரியத் தெரியப் போர் இன்னும் தள்ளிப்போகும்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடத்தானே செய்கிறார்கள் என்றால், எப்படி ஆடுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிப்பாயையும் அடித்தட்டின் ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்துத் தூக்குகிறார்கள். மிக நன்றாகப் பெயின்ட் அடித்த படையைக் கடைசி வரை பின்னால் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். நெப்போலியன் தன் மெய்க்காவல் படையை அப்படி வைத்திருந்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். அதையும் மீறிப் புதுப் படையை முன்னால் அனுப்பினால், புதிதாகப் பெயின்ட் அடித்த படை முதல் ஆட்டத்திலேயே புறமுதுகிடும் என்பது அவர்கள் எல்லோரும் அனுபவத்தில் கண்ட நம்பிக்கை. பகடைக்குப் பெயின்ட் வாசனை தெரியாது என்று பகுத்தறிவாளர்கள் சொல்லலாம். மாதக்கணக்கில் குனிந்து வரைந்த படை ஓடினால் ஞாபகம் இருக்கிறது, பழைய படை ஓடினால் மறந்துபோகிறது, அவ்வளவுதான். தேர்ந்த தளபதிகள் இதற்கும் ஒரு பரிகாரம் வைத்திருக்கிறார்கள்: அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் படைக்கு இன்னொரு கோட்டு.

காலம் மாறிவிட்டது, இனி இந்தச் சாக்குச் செல்லாது என்று பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். 2019-இல் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் கம்பெனி ஒரே கோட்டில் நிழலும் வெளிச்சமும் தானாக விழுகிற பெயின்டைக் கொண்டுவந்தது. வேண்டிய சிப்பாயை வீட்டிலேயே அச்செடுத்துக்கொள்ள 3டி பிரின்டர் வந்துவிட்டது, கழுத்தறுக்க வேண்டியதில்லை. நேரம் மிச்சமாகிறது என்பது வாஸ்தவம். மிச்சமான நேரத்தில் இன்னும் நாலு பெட்டி வாங்குகிறார்கள் என்பது அதைவிட வாஸ்தவம். பிரிக்காத பெட்டிகளின் குவியலுக்கு உலோகச் சிப்பாய் காலத்திலிருந்தே ‘ஈய மலை’ என்று பெயர். பிளாஸ்டிக் வந்தும் மலை கரையவில்லை, கனம்தான் குறைந்தது.

மிச்சம் இருப்பது அந்த முதல் அபிப்பிராயம், வயசு சமாசாரம். ஒன்பது படி கொலு வைக்கிற பாட்டியிடம் இந்த வயதில் என்ன பொம்மை விளையாட்டு என்று கேட்கும் தைரியம் யாருக்கும் கிடையாது. வெல்ஸும் தன் விளையாட்டு 12 வயது முதல் 150 வயது வரையிலான பையன்களுக்கு என்று முகப்பிலேயே போட்டுவிட்டார். சரி, 150 வயதிலாவது படை தயாராகிவிடாதா, ஆள் போய்ச் சேர்ந்த பிறகாவது போர் நடக்காதா என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். அதற்கும் இங்கிலாந்தில் வழி இருக்கிறது. போனவரின் படை பாதி உடுப்போடு ஏதாவது ஒரு கண்காட்சியின் பழைய சாமான் மேசைக்கு வரும். வாங்குகிறவருக்கு முதல் பார்வையிலேயே 69-வது ரெஜிமென்டின் பச்சை சரியில்லை என்று தெரிந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுபோய் அத்தனை பேரையும் ஒரு டப்பாவில் போட்டு மூழ்கும் அளவுக்கு டெட்டால் ஊற்றுவார். ராத்திரி பூரா ஊறினால் பெயின்ட் இளகிவிடும். பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம். டெட்டாலிலேயே அலச வேண்டும், அவசரப்பட்டுத் தண்ணீரில் காட்டினால் எல்லாம் பிசுபிசுவென்று அப்பிக்கொள்ளும். பிறகு சோப்பு, பிறகு வெள்ளைப் பசை, பிறகு பிரைமர்.