ஊவாவை விற்கிற மாதிரி வரைவது எப்படி?

எல்லயில் கோப்பிக் கடை வைத்திருப்பவர் சுவருக்கு ஒரு படம் கேட்கிறார். "நம்ம மலையும் இருக்கணும், ஒரு பழைய கதையும் இருக்கணும், வெள்ளக்காரனுக்குப் புரியணும்." இவ்வளவுதான் கட்டளை. பயப்பட வேண்டாம். கீழே சொன்னபடி செய்தால் வண்ணம் காய்வதற்குள் படம் விலை போய்விடும்.

1. இடம் பார்த்தல்

ஊவாவின் பதுளை மாவட்டத்தில் காட்சிக்கா பஞ்சம்? 2,036 மீற்றர் நமுனுகுல மலை இருக்கிறது. 263 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பம்பரகந்த இருக்கிறது. துன்ஹிந்த அருவி இருக்கிறது. எதையும் தொட வேண்டாம். தெமோதரப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலம் ஒன்றே போதும். 1921இல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டி முடித்தது. வளைவுகளை மட்டும் எண்ணிப் போடுங்கள். எட்டாகிவிட்டால் வாங்குபவர் போனை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார். நீல ரயில் கட்டாயம். அதன் மிதிபலகையில் கூந்தல் பறக்கத் தொங்கும் பயணி ஒருத்தியும் கட்டாயம். அதே பெட்டியில் மருந்துச் சிட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் அப்பாயியும் இருப்பார். அவரை ஜன்னலுக்கு உள்ளே தள்ளிவிடுங்கள். கறுப்பில் ஒரு தீற்று போதும்.

2. வண்ணம் வாங்குதல்

பச்சை, பச்சை, மறுபடியும் பச்சை. ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தந்தது ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றுதான். அந்த மாதங்களில் பத்தனைப் புல் காய்ந்து பழுப்பாகும், கொழுந்து மெதுவாகத் துளிர்க்கும், வாசம் ஏறும். அந்த வறட்சியைக் கொழும்பு ஏலத்தில் காசு கொடுத்து வாங்குவார்கள். படத்தில் வாங்க மாட்டார்கள். ஆகவே பழுப்பு வேண்டாம். செம்மண் நிறமும் வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியபெத்தவில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியதே, அந்த நிறம் கோப்பியோடு ஒத்துப்போகாது. தேநீர்க் கறையையே வண்ணமாக்கிய ஹட்டன் ஓவியர் ஹனுஷா சோமசுந்தரத்தின் வழியும் உங்களுக்குச் சரிப்படாது. கறையைக் கண்டதும் 'இது யாருடைய கறை?' என்று ஒருவர் கேட்டுவிட்டால் வியாபாரம் கெட்டது.

3. கொழுந்துக்காரி

ஒருத்தி போதும். வயது இருபது. சிரிப்பு, மூக்குத்தி, மூங்கில் கூடை, வெயில். இது நீங்கள் கண்டுபிடிக்க வேண்டிய முறையல்ல. 1890இல் இலங்கைக்கு வந்து தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கிய தேயிலை வியாபாரி லிப்டன் காலத்திலிருந்தே விளம்பரங்களில் சிரித்துக்கொண்டிருப்பவள்தான் இவள்.

தவிர்க்க வேண்டியவை: இடுப்பில் கட்டிய ரெட்டுத் துணி. மழைக்குத் தலையில் போட்ட கம்பளி. கூடைக்கயிறு இழுத்து இழுத்து உச்சியில் விழுந்த தடம். அட்டைக்காகக் காலில் தேய்த்த சவுக்காரம். முக்கியமாகக் கை. பெருவிரலும் ஆட்காட்டி விரலும் கொழுந்துச் சாறு ஊறிக் கறுத்து, ரேகையோரம் வெடித்திருக்கும். பண்டிகைக்கு மருதாணி வைத்தாலும் அந்தக் கறுப்புக்கு மேலேதான் சிவக்கும். ஆகவே இரண்டு கையையும் செடிக்குள் புதைத்துவிடுங்கள். தராசையும் வரையாதீர்கள். வரைந்தால் தண்ணிக்கும் சாக்குக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள் என்று படத்துக்குள்ளேயே சண்டை வந்துவிடும்.

4. பனிமூட்டம்

ஓவியனுக்கு மலைநாடு தந்த மிகப் பெரிய உதவி பனி. வெள்ளையைத் தண்ணீரில் கரைத்து ஒரு இழுப்பு இழுத்தால் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் வரிசையாக மறைந்துவிடும். தகரம் பறக்காமலிருக்கக் கூரையில் ஏற்றிய கல்லும் டயரும், தண்ணீர்ப் பீலியில் வரிசை வைத்த குடங்களும் கூடவே போய்விடும். துரை பங்களாவை மறைக்க வேண்டாம். அது பாரம்பரியம்.

5. கதை சேர்த்தல்

இராவணன்தான். அருவி இருக்கிறது, குகை இருக்கிறது, சீதை தீக்குளித்ததாகச் சொல்லும் திவுரும்பொலவும் இந்த மாவட்டத்தில்தான். பத்துத் தலையும் ஒரு வீணையும் போட்டுவிட்டால் சுற்றுலா வழிகாட்டி மிச்சத்தைச் சொல்லிக்கொள்வார்.

தோட்டத்துச் சாமிகள் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். தேயிலை ஸ்டோர் இயந்திரத்துக்குக் காவலிருக்கும் ரோதமுனியை எந்த வழிகாட்டியும் அறியார். கவ்வாத்துச்சாமி அதைவிட மோசம்: மரத்தடியில் ஒரு கல், மஞ்சள், குங்குமம், முன்னால் கத்திகள். செடி வெட்டத் தொடங்குமுன் கை காலில் வெட்டு விழக்கூடாது என்று கும்பிட்ட சாமியைப் போட்டால், வெட்டு விழுந்த கதையையும் சொல்ல வேண்டிவரும். மாசியில் லயத்து வாசலில் காமன் ஊன்றி, ரதி அழ, மன்மதனை எரிக்கிற இரவு ஓவியத்துக்கென்றே பிறந்த காட்சிதான். ஆனால் ஆடுபவர்கள் எல்லோரும் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்குப் போக வேண்டியவர்கள். முகத்தில் அரிதாரத்தையும் மீறித் தூக்கம் தெரியும்.

6. உலக உதாரணம்

யாராவது இதெல்லாம் மோசடி என்றால் ஹவாயைக் காட்டுங்கள். 1884இல் அங்கே போன ஜூல்ஸ் டாவர்னியே கிலாவேயா எரிமலையை இரவும் நெருப்புமாக வரைந்து பெயரெடுத்தார். பின்னால் ஒரு ஓவியர் கூட்டமே 'எரிமலைப் பள்ளி' எனப்பட்டது. அங்கேயே வேரிருந்த ஹெர்ப் காநே பிற்காலத்தில் அந்த நெருப்புக்குள் பெலே என்ற தெய்வத்துக்கு முகம் கொடுத்ததைச் சொல்லாதீர்கள். சொன்னால், நம் நெருப்புக்கு முகம் எங்கே என்பார்கள்.

7. விலையும் ஓர் எச்சரிக்கையும்

விலையை டொலரில் சொல்லுங்கள். ரூபாயில் சொன்னால், 1000 ரூபாய் நாட்சம்பளத்துக்காகத் தோட்டத்து ஆட்கள் வருடக்கணக்கில் போராடி 2021இல்தான் அதை வாங்கினார்கள் என்ற கணக்கு குறுக்கே வரும்.

என்றைக்காவது தோட்டத்துக் கோயில் கமிட்டி வந்து, "தம்பி, மதிலுக்கு நம்ம சாமி படம் போட்டுத் தாங்க" என்று கூப்பிட்டால் வேலை அதிகம் என்று சொல்லிவிடுங்கள். காசு தவணையில்தான் வரும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. அங்கே ஏணிக்குக் கீழே வெற்றிலை மென்றுகொண்டு நிற்கும் கிழவி, கவ்வாத்துக் கத்தி எந்தப் பக்கம் வளையும் என்று அறிந்தவள். தப்பாகப் போட்டால் அழிக்கச் சொல்வாள். அழித்து மறுபடி போடும்வரை நகர மாட்டாள்.