லோகி போட்ட மொட்டை

பழைய நார்ஸ் கதைகளில் வரும் தேவன் தோரின் மனைவி சிஃபுக்கு அருமையான கூந்தல். ஒருநாள், தேவர் கூட்டத்தில் ஒருவனான லோகி அதை ஒட்ட வெட்டிவிட்டான். ஏன்? சும்மா, வம்புக்கு. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் உட்கார்ந்து, தாம் கும்பிடாத பழைய தெய்வங்களின் கதைகளை எழுதிவைத்த ஸ்னோர்ரி ஸ்துர்லுசன் அதற்கு மேல் காரணம் சொல்லவில்லை. சிஃப் என்ன திட்டினாள் என்பதும் ஏட்டில் ஏறவில்லை. புருஷனின் கோபம் மட்டும் ஏறியிருக்கிறது. லோகியைப் பிடித்து, எலும்பு ஒன்று விடாமல் நொறுக்கப் போனான் தோர்.

புது முடி கொண்டுவருகிறேன் என்று அலறிக்கொண்டு லோகி ஓடியது குள்ளக் கொல்லர்களிடம். இவால்தி என்பவனின் பிள்ளைகளான அவர்கள், தலையில் வைத்தால் வேர்விட்டு வளரும் தங்க முடி செய்து கொடுத்தார்கள். கையோடு ஓர் ஈட்டியும், மடித்துப் பையில் போட்டுக்கொள்ளக்கூடிய கப்பலும்.

கதை இங்கே நின்றிருந்தால் ‘செய்த தவறைத் திருத்து’ என்று நீதிபோதனை வகுப்பில் சேர்த்திருப்பார்கள். லோகிக்கு வாய் சும்மா இருக்குமா? ப்ரொக் என்ற குள்ளனிடம் போய், “உன் அண்ணன் சிந்த்ரியால் இதுபோல மூன்று செய்ய முடியுமா? என் தலையைப் பந்தயம் வைக்கிறேன்” என்றான்.

சிந்த்ரி உலையை மூட்டினான். ப்ரொக் துருத்தி ஊதினான். எங்கிருந்தோ வந்த ஈ ஒன்று முதலில் அவன் கையைக் கடித்தது, பிறகு கழுத்தை. ஈ யாரென்று சொல்லத் தேவையில்லை. தங்கப் பிடரியோடு ஒரு பன்றி பிறந்தது. ஒன்பது இரவுக்கு ஒருமுறை எட்டு மோதிரங்களை ஈனும் மோதிரமும் பிறந்தது. மூன்றாவதுக்கு ஈ கண்ணிமையில் கடித்தது. ரத்தம் வழிந்து கண்ணை மறைக்க, ஈயை விரட்ட ப்ரொக் ஒரு கணம் துருத்தியிலிருந்து கையெடுத்தான். அதனால்தான் தோரின் புகழ்பெற்ற சுத்தியலுக்குக் கைப்பிடி குட்டை.

தீர்ப்புச் சொல்ல ஓடின், தோர், ஃப்ரேய் என்ற தேவர்கள் மூவரும் உட்கார்ந்தார்கள். ஓடினுக்கு ஈட்டியும் மோதிரமும், ஃப்ரேய்க்குக் கப்பலும் பன்றியும், தோருக்குச் சுத்தியலும் பெண்டாட்டிக்குத் தங்க முடியும். வழக்குப் பொருள் அத்தனையும் நீதிபதிகள் வீட்டுக்கே போகிற இப்படியொரு நீதிமன்றத்தில் ஈ கடித்த புகாரை யார் விசாரிப்பார்கள்? சுத்தியலே சிறந்தது, ப்ரொக் ஜெயித்தான் என்று தீர்ப்பாயிற்று. அரக்கர்களை அடிக்க தேவலோகத்துக்குக் கிடைத்த அந்த ஆயுதத்தின் மூலதனம், ஒரு பெண்ணின் வெட்டுப்பட்ட கூந்தல். லோகி ஒழுங்காக இருந்திருந்தால் தோர் இன்னமும் வெறுங்கையைத்தான் வீசிக்கொண்டிருந்திருப்பான்.

தலையைக் கேட்டான் ப்ரொக். காற்றிலும் கடலிலும் ஓடும் செருப்பை மாட்டிக்கொண்டு லோகி பறந்துவிட்டான். பிடித்து இழுத்து வந்தவன் தோர். அப்போது லோகி எழுப்பினான் பாருங்கள், ஒரு சட்டப் பிரச்சினை: “தலை உன்னுடையது, மறுக்கவில்லை. கழுத்தைப் பந்தயத்தில் வைத்தேனா?” ஐஸ்லாந்தின் பொதுமன்றத்தில் இரண்டு முறை சட்டம் உரைக்கும் பதவியில் இருந்தவர் ஸ்னோர்ரி. இந்த இடத்தை எழுதும்போது ரசித்துத்தான் எழுதியிருப்பார்.

தலையில் தனக்குப் பாத்தியதை உள்ள பாகம் வாயாவது இருக்கிறதே என்று அதைத் தைக்கப் போனான் ப்ரொக். கத்தி இறங்கவில்லை, அண்ணனின் குத்தூசி இறங்கியது. மூன்று அதிசயங்களைச் செய்து கொடுத்த குடும்பத்துக்குக் கூலி அவ்வளவுதான். கிடைத்ததைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று எந்தத் தேவனும் எழுந்து சொன்னதாக ஸ்னோர்ரி எழுதவில்லை. வாயைத் தைத்த தோல்வாரின் பெயரை மட்டும் மறக்காமல் குறித்திருக்கிறார்: வார்தாரி.