தகட்டுக்கு ஒரு மனு

இங்கிலாந்துத் திருச்சபைக்குச் சுமார் 16,000 ஆலயங்கள். பெரும்பாலானவை பாரம்பரியப் பட்டியலில் இருப்பவை. அதாவது பழுது அதிகம், தொட அனுமதி குறைவு. கிராமத்து ஆலயத் தரையில் ஒரு பழைய பித்தளைக் கல்லறைத் தகடு. நடுக்காலத்துப் பிரபு கைகூப்பிப் படுத்திருக்கிறார். முகமெல்லாம் பச்சைப் புள்ளி. வௌவால் மூத்திரம். வௌவாலை 1981ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. வௌவாலுக்கும் ஆலயத்துக்கும் சமாதானம் பேச லாட்டரி நிதியில் தனித் திட்டமே நடந்தது. பிரபு மட்டும் தன்னைச் சீராக்கும் மானியத்துக்கு மனுப் போட வேண்டும்.

முதலில் நிபுணர் அறிக்கை. அதற்குக் காசில்லையா? அறிக்கைக்கும் மானியம் உண்டு, தனி மனு. அடுத்து திருமண்டல ஆலோசனைக் குழு, பிறகு திருச்சபை நீதிபதியின் அனுமதி. எல்லாம் முடிந்து வருவது பெரும்பாலும் செலவில் ஒரு பங்குதான். மிச்சத்துக்குக் கேக் விற்க வேண்டும். (எத்தனை கேக் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை, பெருந்தன்மை!) படிவங்களை நிரப்புவது யார்? ஆராதனைக்கு வரும் நாலு பேரில், கம்ப்யூட்டர் தெரியும் என்று வாய்தவறிச் சொன்னவர்.